மூன்று நிகலாய்கள்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத்தளத்தில் இருந்த துப்பொலேவ்-142 விமானங்களைப் பற்றித் தாங்கள் எழுதிய கட்டுரையைச் சென்ற வாரம்தான் படித்தேன். நான் அந்தத் தளத்திற்கு அருகிலேயே வளர்ந்தவன். அந்த விமானம் ஏறும்போது எங்கள் வீட்டு அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். அந்தச் சத்தத்தை நீங்கள் எழுதியிருந்த விதம் என்னைச் சிறுவயதிற்கே கொண்டுபோய்விட்டது.

ஆனால் ஒரு வரி இடறுகிறது. 'அதன் எஞ்சின்களை உருவாக்கியவர் அட்மிரல் நிகலாய் குஸ்னெத்சோவ்' என்று எழுதியிருக்கிறீர்கள். அட்மிரல் குஸ்னெத்சோவ் என்பது ரஷ்யாவின் விமானந்தாங்கிக் கப்பலின் பெயர் என்றுதான் நான் அறிந்திருக்கிறேன். ஒரு கடற்படைத் தளபதி எப்படி விமான எஞ்சின் செய்தார் என்று தேடப்போய், ஜெர்மன் அதிகாரியின் உடையில் உளவு பார்த்த இன்னொரு நிகலாய் குஸ்னெத்சோவும் அகப்பட்டார். இவர்கள் ஒருவரா, மூவரா? மூவர் என்றால் ஒரே குடும்பமா? டென்னிஸ் வீராங்கனை ஸ்வெத்லானா குஸ்னெத்சோவாவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர்தானா? ரஷ்யாவில் எங்கு திரும்பினாலும் இந்தப் பெயர் ஏன் வருகிறது?

அன்புடன்,
ஆர்., அரக்கோணம்

*

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

தவறு என்னுடையது. அரக்கோணத்துக்காரரிடம் துப்பொலேவைப் பற்றி எழுதியதே கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. விற்ற ஊசியிலும் காது இல்லை என்று நீங்கள் காட்டிவிட்டீர்கள். 'கொல்லன் தெரு' என்று பழமொழிக்காக மட்டும் சொல்லவில்லை. ரஷ்ய மொழியில் 'குஸ்னெத்ஸ்' என்றால் கொல்லன். 'குஸ்னெத்சோவ்' என்றால் கொல்லனுடையவன், அதாவது கொல்லன் வீட்டுப் பிள்ளை.

தவறு நேர்ந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரைக்காகக் குறிப்பெடுத்தபோது 'எஞ்சின்: என். குஸ்னெத்சோவ்' என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். பல வாரங்கள் கழித்து எழுத உட்கார்ந்தபோது, எனக்கு அதிகம் பழக்கமான குஸ்னெத்சோவ் தானாக வந்து அந்த இடத்தில் அமர்ந்துகொண்டார். நான் குறித்துக்கொள்ளாமல் விட்டது நடுப்பெயரை. ரஷ்யர்களின் பெயர் மூன்று துண்டுகளால் ஆனது: தன் பெயர், தந்தை பெயரிலிருந்து பிறந்த பெயர், குடும்பப் பெயர். தமிழில் எழுதும்போது வாய்க்குள் நுழையவில்லை என்று நடுவில் இருப்பதைத்தான் முதலில் வெட்டுகிறோம். ஒரே வகுப்பில் மூன்று முருகன்கள் இருந்தால் வருகைப்பதிவேட்டில் அவர்களைப் பிரித்துக் காட்டுவது தகப்பன் பெயரின் முதலெழுத்துதான். அந்த எழுத்தை அழித்துவிட்டு 'முருகன் வந்தானா?' என்று கேட்பது போன்றதுதான் நான் செய்தது. நாம் ஓரெழுத்தாகச் சுருக்கி வைத்திருப்பதை ரஷ்யர்கள் முழுச் சொல்லாகவே சொல்கிறார்கள்; மரியாதையாக ஒருவரை அழைக்க வேண்டுமென்றால் குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதல் இரண்டையும் சேர்த்துத்தான் அழைப்பார்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்கான விடை: மூவர். நிகலாய் கெராசிமவிச், நிகலாய் திமீத்ரியெவிச், நிகலாய் இவானவிச். கெராசிமின் மகன், திமீத்ரியின் மகன், இவானின் மகன் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருப்பதால், அவர்கள் உடன்பிறந்தவர்கள் அல்லர் என்பதை எந்த ஆவணத்தையும் புரட்டாமல் சொல்லிவிடலாம்.

கெராசிமவிச்சிலிருந்து தொடங்குகிறேன். 1904ஆம் ஆண்டு வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் வட்டாரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் வடக்கு த்வினா ஆற்றுப் படையணியில் சேருவதற்காக வயதை இரண்டு ஆண்டுகள் கூட்டிச் சொன்னார். 1936இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த ஸ்பெயினுக்குச் சோவியத் கடற்படையின் பிரதிநிதியாகப் போனார். 1939 ஏப்ரலில், முப்பத்து நான்கு வயதில், முழுக் கடற்படைக்கும் மக்கள் ஆணையர், அதாவது அமைச்சர், ஆனார். அந்த வயதில் அந்தப் பதவி கிடைத்ததற்கு அவருடைய திறமை ஒரு காரணம் என்றால், அவருக்கு முன்னால் இருந்தவர்களை ஸ்டாலினின் களையெடுப்பு அடுத்தடுத்துத் தின்று தீர்த்திருந்தது மற்றொரு காரணம். 1941 ஜூன் 21 நள்ளிரவை நெருங்கும் வேளையில் எல்லாக் கடற்படைப் பிரிவுகளையும் முதல்நிலைத் தயார்நிலைக்கு வரும்படி அவர் ஆணையிட்டார். சில மணி நேரத்தில் ஜெர்மன் விமானங்கள் கருங்கடல் துறைமுக நகரான செவஸ்தபோலுக்கு மேலே வந்தபோது நகரம் விளக்கணைத்துக் காத்திருந்தது. தரைப்படையும் விமானப்படையும் தூக்கத்தில் அடிவாங்கிய அந்த விடியற்காலையில், முதல் தாக்குதலில் கடற்படை ஒரு போர்க்கப்பலையும் இழக்கவில்லை.

இதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தவற்றைப் பார்த்தால், சோவியத் அரசு தன் நல்ல அதிகாரிகளை எப்படி நடத்தியது என்பதற்குத் தனிப் பாடமே நடத்தலாம். போர்க்காலத்தில் நட்பு நாடாக இருந்த பிரிட்டனுக்கு டார்ப்பிடோ ஆவணங்களைக் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டி, 1948இல் அவரையும் கால்லெர், அலஃபூசவ், ஸ்தெபானவ் என்ற மூன்று அட்மிரல்களையும் விசாரித்தார்கள். அந்த மூவரும் சிறைக்குப் போனார்கள். கால்லெர் சிறையிலேயே இறந்தார். குஸ்னெத்சோவின் பதவிநிலை அடித்தட்டு அட்மிரலாகக் குறைக்கப்பட்டது. 1951இல் அதே ஸ்டாலின் அவரை மறுபடி அழைத்துக் கடற்படை அமைச்சராக்கினார். 1955 மார்ச்சில் 'சோவியத் ஒன்றியத்தின் கடற்படை அட்மிரல்' என்ற மிக உயர்ந்த நிலை கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று செவஸ்தபோல் துறைமுகத்தில் நவரசீஸ்க் என்ற போர்க்கப்பல் வெடித்து மூழ்கியதில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மாரடைப்பால் பல மாதங்களாக விடுப்பில் இருந்தவர் மீது அந்தப் பழியும் விழுந்தது. 1956 பிப்ரவரியில் துணை அட்மிரலாக இறக்கப்பட்டு, கடற்படையில் இனி எந்தப் பணியும் செய்யக்கூடாது என்ற விதியோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். 1974இல் அதே நிலையில்தான் இறந்தார். பறித்த பட்டத்தை அரசு திருப்பித் தந்தது 1988இல்.

நீங்கள் குறிப்பிட்ட கப்பலின் பெயரும் அவரைப் போலவே ஏறி இறங்கியதுதான். இன்றைய உக்ரைனில் உள்ள மிக்கலாயிவ் நகரத்துக் கட்டுமானத் தளத்தில் 'ரீகா' என்ற பெயரோடு தொடங்கி, 'லியோனித் பிரெஷ்னெவ்' ஆகி, 'திபிலிசி' ஆகி, 1990இல்தான் 'குஸ்னெத்சோவ்' என்று நிலைத்தது. சோவியத் கடற்படைக்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் வேண்டும் என்று உயிரோடிருந்தபோது வாதாடித் தோற்றவரின் பெயர், கடைசியில் ஒரு விமானந்தாங்கிக் கப்பலுக்கே வந்து சேர்ந்தது. இன்னொன்றும் உண்டு. 1956இல் அவருடைய இருக்கையில் அமர்ந்தவர் செர்கெய் கர்ஷ்கோவ். 'கர்ஷோக்' என்றால் மண்பானை. கொல்லன் எழுந்த இடத்தில் பானை உட்கார்ந்தது. அந்தக் கர்ஷ்கோவின் பெயரைத் தாங்கியிருந்த கப்பல்தான் 2013இல் நம் கடற்படையின் விக்ரமாதித்யா ஆனது.

இனி உங்கள் வீட்டு டம்ளர்களை ஆட்டியவருக்கு வருவோம். நிகலாய் திமீத்ரியெவிச் குஸ்னெத்சோவ் 1911இல், இன்று கசக்ஸ்தானில் இருக்கும் அக்த்யூபின்ஸ்க் நகரில் பிறந்தார். 1949இல் வோல்கா ஆற்றங்கரையிலுள்ள குய்பிஷேவ் நகருக்கு, இப்போது அதன் பெயர் சமாரா, ஒரு சோதனைத் தொழிற்சாலையின் தலைமை வடிவமைப்பாளராக அனுப்பப்பட்டார். 1946 அக்டோபரில் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு ரயிலேற்றிக் கொண்டுவரப்பட்ட எஞ்சின் பொறியாளர்கள் அங்கே குடியமர்த்தப்பட்டிருந்தார்கள். அவர்களில் முதன்மையானவர் ஃபெர்டினாண்ட் பிராண்ட்னர் என்ற ஆஸ்திரியர். அந்தக் குழுவின் உழைப்பும் திமீத்ரியெவிச்சின் மேற்பார்வையும் சேர்ந்து உருவானதுதான் என்கே-12 எஞ்சின். 'என்கே' என்பது 'நிகலாய் குஸ்னெத்சோவ்' என்பதன் முதலெழுத்துகள்தாம். அதாவது விடை எஞ்சினின் பெயரிலேயே இருந்தும் நான் கவனிக்கவில்லை.

ஒவ்வோர் எஞ்சினும் ஏறத்தாழ 15,000 குதிரைத்திறன் கொண்டது. அந்த ஆற்றலை ஒரே சுழலியால் (ப்ரொப்பெல்லரால்) காற்றுக்கு மாற்ற முடியாது என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுழலிகளை வைத்து, முன்னது ஒரு திசையிலும் பின்னது எதிர்த்திசையிலும் சுழலும்படி செய்தார்கள். ஒவ்வொரு சுழலிக்கும் நான்கு அலகுகள், அதாவது இறக்கைத் தகடுகள். குறுக்களவு ஐந்தரை மீட்டருக்கும் மேல். நான்கு எஞ்சின்களுக்கும் சேர்த்து முப்பத்திரண்டு அலகுகள் காற்றை வெட்டுகின்றன. அலகுகளின் நுனி ஒலியின் வேகத்தையே எட்டிவிடுவதும், முன்சுழலி கலைத்துவிட்ட காற்றைப் பின்சுழலி மறுபடி அறைவதும்தான் அந்த அடித்தொண்டை உறுமலுக்குக் காரணம். 1988இல் கோவாவுக்கு வந்து, 1992இல் அரக்கோணத்துக்கு இடம்பெயர்ந்து, 2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் விடைபெறும் வரை, கருமான் பட்டறைச் சத்தம் உங்கள் ஊர் வானத்தில் கேட்டுக்கொண்டிருந்தது என்று சொன்னால் பெயர்ப்பொருத்தம் பிழையாகாது.

இவரைப் பற்றி இன்னொரு செய்தியைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நிலவுக்கு மனிதனை அனுப்பச் சோவியத் ஒன்றியம் கட்டிய என்-1 ராக்கெட்டின் அடிப்பகுதியில் முப்பது எஞ்சின்கள் இருந்தன, அவை இவருடையவை. 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவி, நான்கு முறையும் அது அழிந்தது. குறைகளைக் களைந்து என்கே-33 என்ற திருத்திய எஞ்சினை அவர் ஆயத்தம் செய்து வைத்திருந்தபோது, 1974இல் திட்டமே கைவிடப்பட்டது. எஞ்சின்களை உடைத்துவிடுமாறு மேலிடத்து உத்தரவு வந்தது. அவர் உடைக்கவில்லை. கிடங்கில் அடுக்கிப் பூட்டி வைத்தார். இருபது ஆண்டுகள் கழித்து, நாடே இல்லாமல் போன பிறகு, அமெரிக்காவின் ஏரோஜெட் நிறுவனம் அவற்றை வாங்கிச் சென்றது. ஆன்டாரிஸ் ராக்கெட்டில் பொருத்தப்பட்டு 2013இல் அவை விண்ணுக்குப் போயின. 2014 அக்டோபர் 28 அன்று அவற்றில் ஒன்று கோளாறாகி, வர்ஜீனியா கடற்கரையில் ஏவிய சில நொடிகளில் ராக்கெட் வெடித்துச் சிதறியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாற்பது ஆண்டு கிடங்கில் கிடந்த இரும்பு அது. திமீத்ரியெவிச் 1995இலேயே காலமாகிவிட்டார். ஏற்றத்தையும் பார்க்கவில்லை, வெடிப்பையும் பார்க்கவில்லை.

மூன்றாமவரான இவானவிச்சும் 1911இல் பிறந்தவர். எஞ்சின்காரருக்கு ஒரு மாதம்தான் இளையவர். குழப்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உரால் மலைப்பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தபோது பெற்றோர் வைத்த பெயர் நிகனோர். வளர்ந்த பிறகு தானே 'நிகலாய்' என்று மாற்றிக்கொண்டார். ஆகவே மூவரில் இவர் பிறப்பால் நிகலாயே அல்லர். காட்டிலாகாவில் வேலை பார்த்த இந்த இளைஞருக்கு மொழிகள் தண்ணீர்பட்ட பாடு. ஜெர்மன் மொழியை அதன் வட்டார வழக்குகளோடு பேசினார். 1938இல் மாஸ்கோவுக்குக் கொண்டுவந்த உளவுத்துறை, 'ருடால்ஃப் ஷ்மித்' என்ற ரஷ்ய ஜெர்மானியப் பொறியாளராக அவரை நகரத்தில் உலவ விட்டது. ஷ்மித் என்றால் ஜெர்மன் மொழியில் கொல்லன். கொல்லன் மகனை ஒளித்துவைக்கப் போனவர்கள், பெயரை மொழிபெயர்த்துச் சட்டைப்பையில் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

1942இல் பாராசூட்டில் உக்ரைனின் காடுகளில் இறங்கி, திமீத்ரி மெத்வேதெவின் கொரில்லாப் படையோடு சேர்ந்தார். அதன்பிறகு ஜெர்மானியர் தலைநகராக வைத்திருந்த ரோவ்னோ நகரில் அவர் பெயர் பால் சீபெர்ட், ஜெர்மன் ராணுவத்தின் லெப்டினன்ட். அந்த உடையிலேயே 1943 நவம்பரில் ஜெனரல் இல்கெனைக் கடத்தினார். அடுத்து, தலைமை நீதிபதி ஆல்ஃபிரெட் ஃபுங்க்கை நீதிமன்றத்திலேயே சுட்டுக்கொன்றார். 1944 பிப்ரவரியில் லிவிவ் நகரில் துணை ஆளுநர் ஓட்டோ பாவரைக் கொன்றார். ஒரு மாதம் கழித்து, பராத்தின் என்ற கிராமத்தில் உக்ரைனியக் கிளர்ச்சிப் படையினர் சூழ்ந்துகொண்டபோது கையெறி குண்டோடு மாண்டார் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. ஸ்டாலின், ரூஸ்வெல்ட், சர்ச்சில் மூவரையும் தெஹ்ரானில் கொல்ல நடந்த சதியை இவரே கண்டுபிடித்தார் என்று சொல்லப்படுவதை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள். வீரக்கதைகள் சேரும் இடத்தில் இன்னொன்றும் வந்து ஒட்டிக்கொள்வது வழக்கம். அவர் நினைவாகக் குஸ்னெத்சோவ்ஸ்க் என்று பெயரிடப்பட்ட அணுமின் நிலைய நகரம், 2016இல் வராஷ் என்ற பழைய கிராமப் பெயருக்கே திரும்பிவிட்டது.

ஏன் இத்தனை குஸ்னெத்சோவ்கள் என்று கேட்டிருந்தீர்கள். ரஷ்யக் குடும்பப் பெயர்களின் பட்டியலை யார் போட்டாலும் ஸ்மிர்னோவ், இவானோவ் ஆகியவற்றோடு முன்வரிசையில் இது நிற்கும். பழைய ரஷ்யக் கிராமத்தில் எல்லாரும் உழவர்களே. 'உழவன் மகன்' என்று சொன்னால் யாரையும் அடையாளம் காட்ட முடியாது. கொல்லன் ஊருக்கு ஒருவன். தீப்பிடிக்கும் என்று அஞ்சி ஊரின் விளிம்பில் வைக்கப்பட்ட உலைக்களம் ஒன்று. 'கொல்லன் மகன் இவான்' என்றால் உடனே தெரியும். குடும்பப் பெயர்கள் அரசாங்க ஏட்டில் நிலைபெற்றபோது, 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பின்னர் அந்த வேலை விரைந்து நடந்தது, ஒவ்வோர் ஊரிலிருந்தும் தொடர்பில்லாத ஒரு குஸ்னெத்சோவ் கிளம்பி வந்தார். பெயர் பரவியதற்குக் காரணம் அந்தத் தொழில் அரிதாக இருந்ததுதான். தெற்கிலும் மேற்கிலும் கொல்லனைக் 'கவால்' என்பார்கள். அங்கே அதே பிள்ளைகள் கவல்யோவ், கவலென்கோ, கவல்சூக் என்றானார்கள்.

எனவே பெயரை வைத்து உறவு கொண்டாட இயலாது. உண்மையிலேயே ஒரு பரம்பரை என்று சொல்லத்தக்கவர்கள் பீங்கான் குஸ்னெத்சோவ்கள். க்ஷெல் பகுதியில் ஒரு கொல்லரிடமிருந்து தொடங்கிய அந்தக் குடும்பத்தில் வந்த மத்வெய் சீதரவிச், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ரஷ்யப் பீங்கான் தொழிலின் பெரும்பகுதியைத் தன் கைக்குள் வைத்திருந்தார். நம் மூன்று நிகலாய்களுக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

போர் வரலாறு படிப்பவராக நீங்கள் இருந்தால், இன்னும் சிலரிடம் எச்சரிக்கையாக இருங்கள். 1941 ஜூன் 22 காலையில் கடற்படைக்குத் தலைவர் ஒரு குஸ்னெத்சோவ். பால்டிக் பகுதியில் வடமேற்குப் போர்முனைக்குத் தளபதி ஃபியோதர் இசீதரவிச் குஸ்னெத்சோவ். அவருக்குப் பக்கத்திலேயே க்ரோத்னோவில் மூன்றாம் படைக்குத் தளபதி வசீலி இவானவிச் குஸ்னெத்சோவ். பின்னவர் முதல் நாள் அடிபட்டுப் பின்வாங்கினாலும், 1945இல் பெர்லினில் ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்ஸ்டாகைப் பிடித்த படையின் தலைவராக முடித்தார். போரின் பிற்பகுதியில் ராணுவ உளவுத்துறைக்குத் தலைவராக ஃபியோதர் ஃபெதோதவிச் குஸ்னெத்சோவ் என்று இன்னொருவர் வருவார். 'ஜெனரல் எஃப். குஸ்னெத்சோவ்' என்று மொழிபெயர்த்துவிட்டால் தோற்ற தளபதியும் உளவுத் தலைவரும் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

ஒருவர் மட்டும் இந்தப் பெயரையே கழற்றி எறிந்தார். கீவ் நகரில் பிறந்த எழுத்தாளர் அனத்தோலி வசீலியெவிச் குஸ்னெத்சோவ், 1941 செப்டம்பர் இறுதியில் பாபி யார் பள்ளத்தாக்கில் இரண்டே நாளில் 33,771 யூதர்கள் நாஜிகளால் கொல்லப்பட்டபோது பன்னிரண்டு வயதுச் சிறுவன். துப்பாக்கிச் சத்தம் கேட்கும் தொலைவில் அவர் வீடு. அதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1966இல் தணிக்கையின் கத்தரிக்குத் தப்பிய பகுதிகளோடு வெளியானது. 1969இல் லெனினைப் பற்றி எழுதத் தகவல் திரட்டுவதாகச் சொல்லி லண்டனுக்குப் போனவர், வெட்டப்படாத கையெழுத்துப்படியின் ஒளிப்படச் சுருள்களைச் சட்டையின் உள்துணியில் தைத்துக்கொண்டு போனார், திரும்பவில்லை. முழு நூலை 1970இல் வெளியிட்டபோது, முன்பே வந்தவை சாதாரண எழுத்தில், தணிக்கையாளர் வெட்டியவை தடித்த எழுத்தில், பிறகு சேர்த்தவை பகர அடைப்பில் என்று அச்சிடச் செய்தார். வாசகன் பக்கத்தைப் பார்த்த உடனே கத்தரி போன வழி தெரியும். அந்த நூலின் அட்டையில் 'குஸ்னெத்சோவ்' இல்லை, 'அ. அனத்தோலி' என்றுதான் இருந்தது. சோவியத் அரசுக்குப் பணிந்து எழுதிய குஸ்னெத்சோவ் வேறு, தான் வேறு என்பது அவர் நிலைப்பாடு. 1979இல் லண்டனிலேயே இறந்தார். அவரை விட ஒரு வயது இளையவரான நடிகர் அனத்தோலி பரீசவிச் குஸ்னெத்சோவ், விண்வெளி வீரர்கள் புறப்படும் முன் பார்க்கும் 'பாலைவனத்தின் வெண்சூரியன்' படத்தின் நாயகன். இவரோடு அவரைக் குழப்பிக்கொண்டு எழுதிய கட்டுரை ஒன்றை நான் படித்ததுண்டு. இப்போது சிரிக்க எனக்குத் தகுதியில்லை.

கடைசியாக ஸ்வெத்லானா. பெண்ணுக்கு வரும்போது குடும்பப் பெயரும் பெண்பாலாகிவிடும், அதனால்தான் குஸ்னெத்சோவா. 2004இல் பத்தொன்பது வயதில் அமெரிக்க ஓப்பனையும், 2009இல் பிரெஞ்சு ஓப்பனையும் வென்ற அவர், லெனின்கிராதின் சைக்கிள் பந்தயக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தந்தை அலெக்சாந்தர் பயிற்சியாளர். தாய் கலீனா த்ஸாரெவா ஆறு முறை உலக வாகை சூடியவர். வீட்டில் டென்னிஸ் மட்டையைத் தொட்டவர் ஸ்வெத்லானா ஒருவரே. அவருடைய அண்ணன் 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சைக்கிள் அணிப் போட்டியில் வெள்ளி வென்றார். அண்ணன் பெயர் என்னவென்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்: நிகலாய். ஆனால் அலெக்சாந்தரவிச்.

கட்டுரையில் அந்த வரியை இன்று காலை திருத்திவிட்டேன். இப்போது அது இப்படி இருக்கிறது: 'அதன் என்கே-12 எஞ்சின்களை உருவாக்கியது, குய்பிஷேவில் நிகலாய் திமீத்ரியெவிச் குஸ்னெத்சோவ் தலைமையில் இயங்கிய வடிவமைப்பகம்.' கீழே உங்கள் கடிதத்துக்கு நன்றியும் தெரிவித்திருக்கிறேன்.

அன்புடன்.